மைக்செட் கொட்டகையில் படித்த ராக் புத்தகங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் மைக்செட் தொழில் செய்கிறேன். கோயில் கொடை, சர்ச் திருவிழா, கன்வென்ஷன், கல்யாண வரவேற்பு, கட்சிக் கூட்டம் என்று எது வந்தாலும் எடுப்பேன். சில வருஷமாக ராக், அதைவிடக் கனத்த சத்தத்தோடு வருகிற மெட்டல் இசைக்காரர்களின் சுயசரிதைகளைத் தேடித் தேடி வாங்கிப் படிக்கிறேன். எல்லாம் ஆங்கிலத்தில்தான். விடிய விடிய வில்லுப்பாட்டு நடக்கிற ராத்திரியில் ஆம்ப்ளிஃபயரை விட்டு எழுந்து போக முடியாது, கண் அசரவும் முடியாது. ஆனால் படிக்கலாம். ஆனி, ஆடி மழையில் ஆர்டர் குறைந்துவிடும், அப்போதும் படிக்கலாம். இந்த மாதிரிப் புத்தகங்களுக்குப் பணம் செலவழிக்கலாமா, எதை முதலில் வாங்கலாம் என்று கேட்கிற தம்பிமார் நிறைய உண்டு. முக்கியமாக, சர்ச் குவயரில் கிட்டாரும் டிரம்ஸும் வாசிக்கிற பையன்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பார்ப்பது ஒன்றுதான். இந்த ஆள் தன் வேலையைச் சொல்கிறாரா? விரலை எங்கே வைத்தார், எந்தப் பெட்டியில் வாசித்தார், அந்தச் சத்தம் எப்படி வந்தது, வேன் எங்கே நின்றுபோனது, கூலி எவ்வளவு கிடைத்தது, யார் ஏமாற்றினார்கள்? இதெல்லாம் இருந்தால் புத்தகம் நிற்கும். குடித்தோம், ஹோட்டல் அறையை உடைத்தோம், எத்தனை பெண்கள் வந்தார்கள் என்று மட்டும் நானூறு பக்கம் எழுதினால் அது யாருடைய கதையாகவும் இருக்கலாம். போதையில் கிடந்த இரண்டு பேரின் கதைகளுக்குள் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. வேலை செய்த இரண்டு பேரின் கதைகள் ஒருபோதும் ஒன்றாக இருப்பதில்லை.

முதலில் வாங்க வேண்டியது டோனி அயோமியின் 'அயர்ன் மேன்'. 2011இல் வந்தது. பிளாக் சபாத் குழுவின் கிட்டார்காரர். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துக்காரர், 1948இல் பிறந்தவர். 17 வயதில் ஒரு தகடு ஆலையில் வேலை பார்த்தார். ஜெர்மனிக்குப் போய் வாசிக்க ஒரு குழுவில் இடம் கிடைத்துவிட்டதால், ஆலையில் அன்று கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் இனி திரும்பப் போவதில்லை என்று இருந்திருக்கிறார். எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மாதான் அனுப்பிவைத்தார். அவர் வழக்கமாகச் செய்தது வெல்டிங். பிரஸ்ஸில் நிற்க வேண்டிய ஆள் வராததால் அன்று இவரை அங்கே நிறுத்தினார்கள். மெஷின் கைமேல் இறங்கியது. பதறிக் கையை இழுத்ததில் நடுவிரலும் மோதிர விரலும் நுனி போயின.

இதைச் சுருக்கமாக எல்லா இடத்திலும் படித்திருப்பீர்கள். புத்தகத்தில் படிக்க வேண்டியது அதற்கு அப்புறம் நடந்ததை. இனி வாசிக்கவே முடியாது என்று அவர் வீட்டில் சோர்ந்து கிடந்தபோது, ஆலையின் ஃபோர்மேன் ஒரு இசைத்தட்டோடு வருகிறார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்கிற ஜாஸ் கிட்டார்காரர் வாசித்த தட்டு. கேட்க மனமில்லாமல் கேட்கிறார். முடிந்ததும் ஃபோர்மேன் விஷயத்தைச் சொல்கிறார்: இந்த மனுஷனுக்குத் தீ விபத்தில் கை போய்விட்டது, இரண்டு விரலை வைத்துத்தான் இப்படி வாசிக்கிறான். அங்கிருந்து அயோமி எழுந்திருக்கிறார். பாத்திரம் கழுவும் திரவம் வருகிற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருட்டி, சூடான சால்டரிங் அயர்னால் துளை போட்டு, விரல் நுழையும் வரை உப்புத்தாளால் தேய்க்கிறார். வெறும் பிளாஸ்டிக் கம்பியில் வழுக்கும், அதனால் பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து துண்டு வெட்டி மேலே ஒட்டுகிறார். விரல் தொப்பி தயார். ஆனால் அந்த விரல்களுக்குக் கம்பி தட்டுப்படுவது தெரியாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

என் சித்தப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர். ஷீட் அடிக்கிற ரோலரில் மாட்டி இரண்டு விரலின் நுனியை இழந்தவர். இந்தப் பக்கங்களை அவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மற்றவர்கள் என்றால் ஐயோ பாவம் என்பார்கள், அவர் அப்படிச் சொல்லவில்லை.

"எந்தக் கையிலயாக்கும்?" என்றார்.

"வலது கையில, சித்தப்பா. ஆனா ஆளு இடக்கையன். வலது கையாலதான் கம்பியை அமுக்கணும்."

"அப்பம் கஷ்டந்தான். அந்தத் தோலு தேஞ்சு போவுமே லே, எப்பம் மாத்துவானாம்?"

விரல் நுனி இல்லாதவருக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். பால்வெட்டுக் கத்தி நழுவாமல் இருக்க சைக்கிள் டியூப் துண்டை விரலில் சுற்றி வைத்துக்கொண்டு வேலை பார்த்தவர் அவர். அதற்கும் புத்தகத்தில் பதில் இருக்கிறது. அதே பழைய ஜாக்கெட்டைத்தான் வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறார், இப்போது சின்னத் துண்டுதான் மிச்சம் என்கிறார் அயோமி. சித்தப்பா தலையை ஆட்டினார். "பழகின தோலு வேற கிட்டாது" என்றார்.

விரல் வலித்ததால் மெல்லிய கம்பி தேவைப்பட்டது. அந்தக் காலத்தில் கிட்டாருக்கு அவ்வளவு மெல்லிய கம்பி கடையில் கிடைக்காது. பாஞ்சோ என்கிற வேறொரு வாத்தியத்தின் கம்பியை வாங்கிப் போட்டுக்கொண்டார். அப்புறம் சுருதியையும் இறக்கினார். கம்பி தளர்ந்தால் அமுக்குவது சுலபம், சத்தமும் கனமாகிவிடும். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தை நல்ல பேஸ் பாக்ஸில் போட்டுப் பாருங்கள். சில பாட்டுகளில் கிட்டார் ஒன்றரைக் கட்டை கீழே இருக்கிறது. என் கொட்டகையில் 18 இஞ்ச் ஸ்பீக்கரில் போட்டபோது தகரக் கூரை அதிர்ந்தது. மெட்டல் என்று உலகம் முழுக்க இன்று கேட்கிற சத்தத்தில், அடிபட்ட ஒரு தொழிலாளியின் கைவலிக்கும் பங்கு உண்டு. இதை இவ்வளவு தெளிவாக, அலட்டாமல் சொல்லும் வேறு புத்தகத்தை நான் படிக்கவில்லை.

குறையும் இருக்கிறது. அத்தியாயங்கள் சின்னச் சின்னதாக, படிக்கச் சுலபமாக இருந்தாலும், பின்பாதியில் பாடகர்கள் வருவதும் போவதுமாக வெறும் வரிசையாகிவிடுகிறது. டிரம்ஸ்காரர் பில் வார்ட் மேல் திரவத்தை ஊற்றித் தீ வைத்த சம்பவத்தை அவர் விளையாட்டாகச் சொல்லும் இடம் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த மனுஷனுக்குக் காலில் கடுமையான தீக்காயம். தன் விரலைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறவர், அடுத்தவர் காலைப் பற்றியும் இன்னும் நாலு வரி எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாவதாக, பிளாக் சபாத் பாடகர் ஓஸி ஆஸ்போர்னின் 'ஐ ஆம் ஓஸி', 2009. ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும் என்பவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள். பேசுகிற மாதிரியே இருக்கும், வாக்கியங்கள் சின்னவை. கெட்ட வார்த்தை நிறைய உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வௌவால் தலையைக் கடித்த ஆள் என்று மட்டும் இவரைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் முதல் நூறு பக்கத்தைப் படிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் எழுத்து ஓடாமல் தவித்த பையன். ஆடு, மாடு வெட்டும் கூடத்தில் வேலை. அதற்கு முன் அம்மா வேலை பார்த்த ஆலையில், கார் ஹார்ன்களுக்குச் சுருதி பார்க்கிற வேலை. ஒவ்வொரு ஹார்னாக எடுத்து அடித்துப் பார்த்துத் திருகாணியைத் திருக வேண்டும், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில். குழாய் ஸ்பீக்கர் டெஸ்ட் செய்கிறவனுக்கு அந்தப் பக்கங்கள் காதிலேயே கேட்கும். திருட்டுக்காக ஜெயிலுக்கும் போயிருக்கிறார். அப்பா அபராதத்தைக் கட்ட மறுத்துவிட்டார்.

அதே அப்பா அப்புறம் 250 பவுண்டு கடன் வாங்கி மகனுக்கு ஒரு மைக்செட் வாங்கிக் கொடுத்தார். என்னைப் பொறுத்தவரை இந்தப் புத்தகத்தின் முதுகெலும்பே அதுதான். ஓஸி ஒரு இசைக்கருவிக் கடையில் பாடுவதற்கு வாய்ப்பு வேண்டும் என்று விளம்பரம் ஒட்டுகிறார். அதில் சொந்த மைக்செட் இருக்கிறது என்று ஒரு வரி. அதைப் பார்த்துத்தான் ஆட்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நல்ல குரல் தெருவுக்கு நாலு பேரிடம் இருந்தது, மைக்செட் யாரிடமும் இல்லை. அயோமியும் அந்த விளம்பரத்தைப் பார்க்கிறார். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு ஓஸியைத் தெரியும், ஆனால் அவனுக்குப் பாட வராதே என்று நினைத்துக்கொண்டே போகிறார். கதவைத் திறந்தால் அதே ஓஸி. ஒரே பள்ளிக்கூடம், அயோமி மேல் வகுப்பு, சின்னவனான ஓஸியை அடித்தவர். எங்கள் ஊரில் குவயர் பையன்கள் குழு ஆரம்பிக்கும்போதும் இதேதான். யாரிடம் ஸ்பீக்கர் இருக்கிறதோ அவன் இல்லாமல் குழு இல்லை. மகனுக்கு மைக்செட் வாங்கிக் கொடுத்த அப்பாக்களை நான் கடையில் பார்த்திருக்கிறேன், அட்வான்ஸ் எண்ணுகிறபோது அவர்கள் முகத்தையும் பார்த்திருக்கிறேன். அதனால் ஓஸி தன் அப்பாவைப் பற்றி எழுதும் இடங்கள் எனக்கு மிக நெருக்கமானவை.

மூன்றாவது, அதே குழுவின் பேஸ் கிட்டார்காரர் கீசர் பட்லரின் 'இன்டு தி வாய்ட்', 2023. ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம், ஏழு பிள்ளைகளில் கடைசி. சின்ன வயதிலிருந்தே கறி சாப்பிடாதவர், கணக்கு எழுதும் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தவர். குழுவின் பாட்டு வரிகளைப் பெரும்பாலும் எழுதியது இவர்தான். போரை ஏவிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்களைத் திட்டுகிற 'வார் பிக்ஸ்', மனச்சோர்வைச் சொல்கிற 'பாரனாய்டு' இரண்டும் அவர் எழுதியவை. சாத்தான் குழு என்று பெயர் வாங்கிய குழுவின் வரிகளை, பூசைக்குப் போய் வளர்ந்த, மனசு கலங்கிய ஒரு இளைஞன் எழுதியிருக்கிறான். மனச்சோர்வைப் பற்றி அவர் கூச்சமில்லாமல் எழுதுவது முக்கியம். அந்தக் காலத்தில் மருத்துவரிடம் சொன்னாலும், போய் நாலு பேரோடு சேர்ந்து குடி என்பதற்கு மேல் பெரிய உதவி கிடைக்காது.

இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன். ஒரே சம்பவத்தை மூன்று பேர் வாயால் கேட்கலாம். முதல் ஆல்பத்தை 1969இல் ஒரே நாளில் பதிவு செய்துவிட்டு அடுத்த வேலைக்கு வேன் ஏறியது, 1970 பிப்ரவரி 13 அன்று அது வெளிவந்தது, மழையும் மணி ஓசையும் பின்னால் சேர்க்கப்பட்டது. மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் அயோமி 'பாரனாய்டு' மெட்டைப் பிடித்தது. பணம் கேட்டால் கணக்குக் காட்டாமல் காரை வாங்கி அனுப்புகிற மேனேஜர். 1979இல் ஓஸியை வெளியேற்றியபோது அதைச் சொல்ல பில் வார்டை அனுப்பியது. ஓஸிக்கு அந்த வலி கடைசிவரை தீரவில்லை. எல்லாரும் போதையில்தானே இருந்தோம், என்னை மட்டும் ஏன் என்கிற கேள்வி அவர் பக்கம். பாடகர் இல்லாமல் வேலை நகராமல் கிடந்ததே என்பது அயோமி பக்கம். இரண்டும் நியாயம். தொழிலில் கூட்டாளி பிரிந்துபோன யாரும் இந்தப் பக்கங்களில் ஒரு கட்சி எடுக்கமாட்டார்கள்.

2025 ஜூலை 5 அன்று, வளர்ந்த ஊரான பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியிலேயே, வில்லா பார்க் மைதானத்தில் நாலு பேரும் சேர்ந்து வாசித்தார்கள். அதே மாதம் 22 அன்று ஓஸி இறந்தார். அந்த வாரம் அவர் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். மைக்செட் வாங்கிய பக்கம் வரைதான் படிக்க முடிந்தது.

சரி, அடுத்தது ராப் ஹால்ஃபோர்டின் 'கன்ஃபெஸ்', 2020. ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் பாடகர். இவரும் அதே பகுதிக்காரர், வால்சால். பள்ளிக்கூடம் போகிற வழியில் உலோகம் உருக்குகிற ஆலையைத் தாண்டிப் போக வேண்டும், புகை மூச்சை அடைக்கும் என்று எழுதுகிறார். பாடகராகும் முன் நாடகக் கொட்டகையில் லைட் வேலை பார்த்தவர். அதனாலோ என்னவோ, மேடை எப்படி இருக்க வேண்டும் என்பதில் இவருக்குத் தனிக் கண் உண்டு. 1980இல் 'பிரிட்டிஷ் ஸ்டீல்' ஆல்பத்தை ஒரு பெரிய மாளிகையில் தங்கிப் பதிவு செய்கிறார்கள். இயந்திர மனிதர்கள் நடந்து வருகிற சத்தம் வேண்டும். சமையலறையிலிருந்து கரண்டி, முள்கரண்டி வைக்கிற தட்டை எடுத்துவந்து மைக் முன்னால் குலுக்குகிறார்கள். கண்ணாடி உடைகிற சத்தத்துக்குப் பால் பாட்டில். இன்றைக்கு ஒரு பட்டனில் வருகிற சத்தங்கள். குவயர் பையன்கள் வீட்டில் பாத்திரத்தைத் தட்டி இதைச் செய்து பார்க்க வேண்டும், மைக் எவ்வளவு தூரத்தில் இருந்தால் எப்படிக் கேட்கும் என்று அதில் தெரிந்துவிடும்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் கட்டாயம் படிக்க வேண்டிய ஒரு பகுதி உண்டு. சின்ன வயதில் கன்வென்ஷன் மைதானத்தில் ஒயர் சுற்றும் வேலைக்குப் போவேன். ராக் இசைத்தட்டைத் தலைகீழாகச் சுற்றினால் பிசாசின் குரல் கேட்கும், பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டும் என்று மேடையில் பிரசங்கம் நடக்கும். அந்தப் பேச்சை நான் இழுத்த ஸ்பீக்கரிலேயே கேட்டுப் பயந்திருக்கிறேன். அப்படியொரு வழக்கு உண்மையிலேயே அமெரிக்காவில் ரீனோ நகரத்தில் நடந்தது. 1985இல் இரண்டு இளைஞர்கள் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார்கள். ஜூடாஸ் பிரீஸ்டின் ஒரு பாட்டில் ஒளிந்திருக்கும் கட்டளைதான் காரணம் என்று குடும்பங்கள் வழக்குப் போட்டன. 1990இல் விசாரணை. ஹால்ஃபோர்ட் கோர்ட்டில் ஏறிப் பாடிக் காட்டினார். தங்கள் பாட்டுகளைத் தாங்களே தலைகீழாக ஓட்டி, நாற்காலி உடைந்துவிட்டது, பெப்பர்மின்ட் கேட்டேன் என்கிற மாதிரி அர்த்தமில்லாத வாக்கியங்களைக் கண்டுபிடித்து நீதிபதிக்குக் கேட்கவைத்தார். தேடினால் எதிலும் எதுவும் கேட்கும் என்பதற்கு அது ஆதாரம். கட்டளை என்று சொல்லப்பட்டது, பாடகர் விடும் மூச்சும் கிட்டார் சத்தமும் தற்செயலாக ஒன்றின்மேல் ஒன்று விழுந்ததுதான். வழக்கு தள்ளுபடியானது.

மைக் முன்னால் பாடகர் மூச்சு விடுவதைத் தினமும் கேட்கிறவன் நான். அந்த மூச்சை வைத்து ஒரு மனிதனைக் கொலைகாரன் என்று சொல்லப் பார்த்தார்கள் என்பதைப் படித்தபோது மனசு பதறியது. செத்துப்போன அந்த இரண்டு பையன்களைப் பற்றி ஹால்ஃபோர்ட் எந்த இடத்திலும் இளக்காரமாக எழுதவில்லை. அவர்களும் தங்கள் ரசிகர்கள், அந்த வீடுகளில் நடந்தது துயரம் என்றுதான் பார்க்கிறார். தான் ஓரினச்சேர்க்கையாளர் என்பதை 1998 வரை வெளியே சொல்ல முடியாமல், சொன்னால் குழுவே அழிந்துவிடும் என்று பயந்து வாழ்ந்த வருஷங்களையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1986இலிருந்து குடியைத் தொடாதவர். உடல் உறவு பற்றிய பக்கங்கள் வெளிப்படையாக இருக்கும், அதனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பிள்ளைகளின் அப்பா அம்மா படிக்கலாம், படிக்கவும் வேண்டும்.

அயர்ன் மெய்டன் பாடகர் புரூஸ் டிக்கின்சனின் 'வாட் டஸ் திஸ் பட்டன் டூ?', 2017. எங்கள் பக்கத்துப் பையன்களிடம் அதிகம் பேர் சொல்லும் குழு இதுதான். 2007இல் அவர்கள் முதல் தடவை இந்தியாவுக்கு, பெங்களூருக்கு வந்தபோது குழித்துறையில் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஏறிப் போன ஒரு அண்ணன் இன்றும் அந்தக் கச்சேரியைப் பற்றிப் பேசுவார். டிக்கின்சன் வாள்வீச்சு வீரர், விமானம் ஓட்டும் கேப்டன். 2008இல் ஒரு போயிங் 757இல் குழு, ஆட்கள், சாமான்கள் எல்லாவற்றையும் ஏற்றித் தானே ஓட்டிக்கொண்டு உலகம் சுற்றினார், முதல் கச்சேரி மும்பையில். டெம்போவில் பாக்ஸ் அடுக்குகிறவனுக்கு இந்தப் பகுதி ருசிக்கும். 1994இல் போஸ்னியப் போரில் முற்றுகையில் இருந்த சாராயேவோ நகரத்துக்குள் போய்ப் பாடிய பகுதியும், கடைசியில் தொண்டைப் புற்றுநோய்ச் சிகிச்சையை எழுதியிருப்பதும் நன்றாக இருக்கின்றன. எச்சில் ஊறாது, ருசி தெரியாது, குரல் திரும்புமா என்று சோதித்துப் பார்க்கவே பயம். பாடுகிறவர்கள் இதைப் படித்தால் தொண்டையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வார்கள்.

ஆனால் கல்யாணம், பிள்ளைகள், விவாகரத்து எதுவும் எழுதுவதில்லை என்று முடிவு செய்து அப்படியே விட்டிருக்கிறார். அவர் உரிமை அது. இருந்தாலும் மேலே மேலே பறக்கிற மாதிரி இருக்கிறது, வீட்டு வாசல் எங்கேயும் தென்படுவதில்லை. ஆங்கிலமும் சிலேடையாக வளைத்து வளைத்து எழுதுவது. அதற்கு ஒரு வழி உண்டு. ஆடியோ புத்தகத்தை அவரே படித்திருக்கிறார். பாக்ஸ் ஏற்றிக்கொண்டு அருமனைக்கோ திங்கள்சந்தைக்கோ போகிற வழியில் டெம்போவில் போட்டுக் கேளுங்கள். ஹால்ஃபோர்டும் தன் புத்தகத்தைத் தானே படித்திருக்கிறார், அதுவும் அருமை.

மோட்டர்ஹெட் குழுவின் பாடகர் லெம்மியின் 'வொயிட் லைன் ஃபீவர்' 2002இல் வந்தது. கிட்டார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குச் சாமான் தூக்கியவர் என்பதாலேயே எனக்கு அவர்மேல் மரியாதை. பெரிய கலைஞனைச் சாமான் தூக்குகிறவன் எப்படிப் பார்ப்பான் என்பது அந்தப் பக்கங்களில் இருக்கிறது, ஆனால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிட்டார்காரர் கீத் ரிச்சர்ட்ஸின் 'லைஃப்' மெட்டல் இல்லை, ராக். ஐநூறு பக்கத்துக்கு மேல். கிட்டாரின் ஆறாவது கம்பியைக் கழற்றிவிட்டு, மீதி ஐந்தை வேறு சுருதியில் வைத்தபோது என்ன திறந்தது என்று அவர் விளக்கும் இடத்துக்காகக் கிட்டார் பையன்கள் இரவல் வாங்கியாவது படிக்க வேண்டும். மற்ற பக்கங்களில் போலீஸும் போதையும் திரும்பத் திரும்ப வந்துகொண்டேயிருக்கும்.

மோட்லி குரூவின் 'தி டர்ட்', 2001. எல்லாரும் புகழ்கிற புத்தகம். குழுவில் நாலு பேரும் மாறி மாறிச் சொல்வது நல்ல உத்திதான். எனக்கு ஆகவில்லை. அதில் வருகிற பெண்களில் பெரும்பாலோருக்குப் பெயர்கூட இல்லை, முகமும் இல்லை. 1984இல் பாடகர் வின்ஸ் நீல் குடித்துவிட்டு ஓட்டிய காரில் ஹனாய் ராக்ஸ் குழுவின் டிரம்ஸ்காரர் ராசில் இறந்தார். எதிரே வந்த காரில் இருந்த இரண்டு பேருக்குப் பலத்த காயம். அதற்கு அடுத்த பக்கங்களிலேயே மறுபடி விருந்து தொடங்கிவிடுகிறது. மார்த்தாண்டம் மேம்பாலம் வழியாக ராத்திரி மூன்று மணிக்கு லோடு ஏற்றி வருகிறவன் நான். குடித்துவிட்டு ஓட்டுகிறவர்கள் எதிரே வருவது எப்படி இருக்கும் என்று தெரியும். அதை வீரக்கதையின் நடுவில் ஒரு அத்தியாயமாக என்னால் படிக்க முடியவில்லை. நாலு வயதில் புற்றுநோயால் இறந்த மகளைப் பற்றி அதே வின்ஸ் நீல் சொல்லும் பகுதி மட்டும் உண்மையாக நெஞ்சைத் தொட்டது. பாட்டு எப்படி உருவானது என்று தேடினால் அதிகம் கிடைக்காது.

கடைசியாக, ரஷ் குழுவின் டிரம்ஸ்காரர் நீல் பியர்ட்டின் 'கோஸ்ட் ரைடர்', 2002. 1997இல் ஒரே மகள் கார் விபத்தில் போய்விட்டாள். பத்து மாதத்தில் மனைவியும் புற்றுநோயில் போய்விட்டார். டிரம்ஸை விட்டுவிட்டு பைக்கில் ஏறி கனடா, அலாஸ்கா, மெக்சிகோ என்று 55,000 மைல் ஓட்டினார். சாப்பிட்டது, மழை, பறவை, ரோடு, எண்ணெய் மாற்றியது என்று நாள்குறிப்பு மாதிரி எழுதுகிறார். அழுகையை விளக்குவதே இல்லை. நடுவில் நண்பருக்கு எழுதிய கடிதங்கள் வரும் பகுதி மெதுவாகத்தான் நகரும், பொறுத்துப் படியுங்கள். ஒக்கி புயலுக்கு அப்புறம் இதைப் படித்தேன். வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் ஊர்களில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகளில் ஜெப ஆராதனைக்கு மைக் போட்டிருக்கிறேன். சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்வார்கள். அந்த வீடுகளில் சும்மா நடந்துகொண்டே இருந்த ஆட்களைப் பார்த்தேன், வாசலுக்கும் கரைக்கும், கரைக்கும் வாசலுக்கும். பியர்ட் ஏன் ஓட்டிக்கொண்டே இருந்தார் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவர் மறுபடி ரஷ்ஷுக்குத் திரும்பி வாசித்தார், 2020 ஜனவரியில் இறந்தார்.

வாங்குவது பற்றி: இந்தப் புத்தகங்களை நம் பக்கத்துக் கடைகளில் நான் பார்த்ததில்லை, ஆன்லைனில் போட்டால் மார்த்தாண்டம்வரை கூரியர் வந்துவிடும். திருவனந்தபுரத்துப் பழைய புத்தகக் கடைகளில் ஓஸியும் கீத்தும் சில சமயம் மலிவாகக் கிடைப்பார்கள். அட்டை பலமாக இருக்கிற பதிப்பு வேண்டாம், பேப்பர்பேக் போதும். ஆனால் நடுவில் போட்டோப் பக்கங்கள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அயோமியின் கையைப் படத்தில் பார்க்க வேண்டும். கிண்டிலில் அகராதி கையோடு இருக்கும், கொடைப் பந்தலின் மங்கலான வெளிச்சத்திலும் படிக்கலாம், ஆனால் படங்கள் சரியாகத் தெரியாது. ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் காசு என்றால் அயோமி. ஆங்கிலம் பயமாக இருந்தால் ஓஸி. பாடுகிறவர்களுக்கு ஹால்ஃபோர்ட், வீட்டில் துக்கம் நடந்தவர்களுக்குப் பியர்ட், ஆனால் உடனே வேண்டாம், கொஞ்ச காலம் கழித்து.

என்னிடம் இருக்கிற பிரதிகளை யார் வேண்டுமானாலும் இரவல் கேட்டு வரலாம், பெயர் எழுதிவைத்துக்கொண்டு தருவேன். 'தி டர்ட்', 'கன்ஃபெஸ்' இரண்டையும் மட்டும் 18 வயது ஆகாத பையன்களுக்குக் கொடுக்கமாட்டேன்.